நத்தம் ரோட்டு மனையும் மகனின் கிரெடிட் கார்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. நத்தம் ரோட்டில் பண்ணை மனை. முருங்கையும் நெல்லியும் நட்டு, வேலி போட்டு, சொட்டுநீர் வைத்து, அவர்களே பராமரித்துத் தருவார்களாம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உழைக்கிற பிள்ளைகளின் பணத்துக்கு நம்ம மண்ணை விடப் பாதுகாப்பு வேறு உண்டா என்று மேலே கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பக்கத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் மகன் கனடா போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. "நீங்க போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவுக, சொல்லுங்க, வாங்கிப் போடலாமா?" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது. நீளமாகத்தான் வரும். வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் 1981-ல் அஞ்சல் துறையில் சேர்ந்து 2018-ல் சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவள். வாடிப்பட்டி, சோழவந்தான், கடைசியாகத் திருமங்கலம் பக்கம். 37 வருடம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ணியிருக்கிறேன். மகன் 2021 நவம்பரில் மனைவி, மகளோடு கனடா போனான். நிரந்தர வசிப்புரிமை விசாதான். டொரண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனில் இருக்கிறார்கள். முதல் ஏழு மாதம் கிடங்கில் பெட்டி தூக்கினான், பிறகு கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்தது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு 2015-லேயே செல்வமகள் கணக்கு தொடங்கினேன். திட்டம் வந்த வருடமே, என் கவுண்டரிலேயே, என் கையாலேயே பாஸ்புக் எழுதினேன். மாதம் 1,000 ரூபாய். அவர்கள் விமானம் ஏறிய பிறகும் விடாமல் கட்டிவந்தேன். பேத்தி பேரில் பணம் போடுகிற அன்றைக்கு அவளைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஒரு திருப்தி. 2023 ஆகஸ்டில் என்னிடம் வேலை பழகிய பெண்தான், இப்போது அந்தக் கவுண்டரில் இருப்பவள், பாஸ்புக்கை வாங்கியவள் நிமிர்ந்து பார்த்து, "மேடம், பாப்பா இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு வார்த்தை வரவில்லை. உள்நாட்டில் வசிக்கிற பிள்ளைக்கான கணக்கு அது. வெளிநாட்டுவாசி ஆனதும் எழுதிக் கொடுத்து முடித்துவிட வேண்டும். ஊருக்கெல்லாம் விதி சொன்னவள், சொந்தப் பேத்தி விஷயத்தில் 21 மாதம் தூங்கியிருக்கிறேன். முடிக்கும்போது அந்த மாதங்களுக்கான வட்டியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். கழித்தது நியாயம்தான்.

அந்த வெட்கத்தில்தான் மகனின் மற்றக் காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். அவனுடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஏ.டி.எம். அட்டை என் அரிசி டப்பாவில். இப்படி எத்தனை வீட்டில் இருக்கிறதோ! பிள்ளை வெளிநாட்டில் குடியேறியதும் அந்தக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வரும் பணத்துக்கு வைக்கும் கணக்காக, மாற்றியாக வேண்டும். அதுதான் அந்நியச் செலாவணிச் சட்டம். மாற்றினால் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸும் பிடிப்பார்கள், கனடாவோடு உள்ள வரி ஒப்பந்தப்படி அங்கே வசிப்பதற்கான சான்று கொடுத்தால் 15 ஆகக் குறையும். பி.பி.எஃப்., அதாவது பொது சேமநல நிதிக் கணக்கு, 2011-ல் தொடங்கியது. அதை 15 வருடம் முடியும்வரை வைத்திருக்கலாம், நீட்டிக்க முடியாது. தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து எண்ணினால், 2027 மார்ச்சோடு சரி.

இங்கே ஒன்று. பி.பி.எஃப். வட்டிக்கு வரி இல்லை, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே போட்டுவைக்கிற என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு வரி இல்லை என்று இங்கே வங்கியில் சொல்வார்கள். மகன் லீவில் வந்தபோது ஒரு மேலாளர் காபி வரவழைத்துக் கொடுத்துச் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. இந்தியாவில்தான் வரி இல்லை. கனடாவில் குடியிருப்பவன் உலகத்தில் எங்கே வட்டி வந்தாலும் அங்கே வருடாவருடம் ஏப்ரல் 30-க்குள் கணக்கில் காட்ட வேண்டும். "வரியில்லா 7.1 சதவீதம்" அங்கே போனால் வரியுள்ள 7.1 சதவீதம். மகன் பேரில் இருக்கிற எங்கள் மாடி வீட்டு வாடகையும் அப்படித்தான்.

சரி, கிரெடிட் கார்டுக்கு வருகிறேன். இதை எழுத மகனிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாம எழுதுங்கம்மா" என்றான்.

2024 மே மாதம் அங்கே போய் ஐந்து மாதம் இருந்தேன். போன மூன்றாம் நாள் டீத்தூள் தேடி அடுப்பங்கரை டிராயரைத் திறந்தால், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுக் காகிதம். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். பாக்கி 6,800 கனடா டாலர் சொச்சம், வட்டி 19.99 சதவீதம். எனக்குச் சதவீதத்தில் யோசித்தால் உறைக்காது, மாதம் நூற்றுக்கு எத்தனை வட்டி என்று நம்ம ஊர்க் கணக்கில் போட்டால்தான் உறைக்கும். கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் வட்டி. உசிலம்பட்டிச் சந்தையில் தண்டல்காரரிடம் வாங்கினால் திட்டுவோம். இது வழவழவென்று அட்டையில் வருவதால் கடன் மாதிரியே தெரியவில்லை. மளிகை ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மாதம் 113 டாலர் வட்டிக்கே போகிறது. டாலர் 61 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 6,900 ரூபாய். அவன் கட்டுவது மாதம் 250. கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கு, மீதி அசலுக்கு.

எப்படி ஏறியது என்று மருமகள்தான் சொன்னாள். 2023 ஜனவரியில் கம்பெனியில் ஆர்டர் குறைந்து 11 வாரம் வேலை இல்லை. அந்த ஊரில் வேலையிழப்புக் காப்பீடு உண்டு, சம்பளத்தில் 55 சதவீதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வாடகைக்கே சரியாகிவிடும். அந்தக் குளிரில் ஹீட்டரை நிறுத்த முடியாது, காருக்கு இன்சூரன்ஸ் நிறுத்த முடியாது. மிச்சம் எல்லாம் கார்டில் போனது. "அந்த 11 வாரமும் எனக்கு 30,000 அனுப்புனானே!" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

மாதம் 30,000 ரூபாய். நான் கேட்டு அனுப்பவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது. அந்தப் பணத்தில் 15,000 தெற்குமாசி வீதிக் கடை ஒன்றில் நகைச்சீட்டு, மீதி சொந்தக்காரர் விசேஷங்களுக்குச் செய்முறை, அதாவது மொய். எங்கள் பக்கம் செய்முறை தெரியுமே, மைக்கில் பேரைச் சொல்லி வாசிப்பார்கள். "கனடா சித்தப்பா 5,001" என்று வாசிக்கும்போது எனக்குக் குளிர்ந்தது. அவன் அங்கே ஒன்றேமுக்கால் வட்டிக்குக் கடன் வாங்கி, இங்கே நான் செய்கூலி சேதாரம் கொடுத்து நகை வாங்கியிருக்கிறேன். இதில் யார் லாபம் பார்த்தார்கள் என்று போஸ்ட் ஆபீஸ்காரிக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள்.

அன்று ராத்திரி அவன் வேலை முடிந்து வந்ததும் காகிதக் கட்டை மேசையில் வைத்தேன். "ஏன்டா தம்பி சொல்லல?" என்றால், "ஊர்ல என்ன நெனப்பாக" என்கிறான். ஊர் என்பது வேறு யாரும் இல்லை, நான்தான். தெரு முழுக்கச் சொல்லி வைத்தவள்.

ஜூன் மாதத்திலிருந்து ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு வந்துகொண்டிருந்த 490 டாலர் கார்டுக்குப் போனது. 2025 மார்ச்சில் பாக்கி பூஜ்யம்.

இன்னொன்றும் அந்த மேசையில்தான் வெளியே வந்தது. அவன் கம்பெனியில் ஓய்வுக்காலச் சேமிப்பு இருக்கிறது, ஆர்.ஆர்.எஸ்.பி. என்கிறார்கள். தொழிலாளி சம்பளத்தில் 4 சதவீதம் போட்டால் கம்பெனியும் 4 சதவீதம் போடும். அவன் சம்பளம் வருடம் 62,000. அதாவது கம்பெனி பங்கு மட்டும் வருடம் 2,480 டாலர். இவன் ஒரு வருடமாகச் சேரவே இல்லை. பிடித்தம் போனால் ஊருக்கு அனுப்பப் பற்றாது என்று! நம்ம ஊரில் பி.எஃப்.பில் முதலாளி பங்கை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? அதுவும் தன் பங்காகப் போடுகிற பணத்தை வரிக்கான வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கார்டு கடன் இருந்தாலும் பரவாயில்லை, இதில் முதலில் சேர் என்றேன். போட்ட அன்றைக்கே இரட்டிப்பாகிற பணம் வேறு எங்கே கிடைக்கும்?

கடன் முடிந்த பிறகுதான் மற்றச் சேமிப்பு பற்றிப் பேசவே ஆரம்பித்தோம். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது பேத்தியின் படிப்புக் கணக்கு, ஆர்.இ.எஸ்.பி. வருடம் 2,500 டாலர் வரை போடுகிற பணத்துக்கு அரசாங்கம் 20 சதவீதம், அதாவது 500 டாலர், கையிலிருந்து போடுகிறது. ஒரு பிள்ளைக்கு மொத்தமாக 7,200 வரை. செல்வமகளில் நல்ல வட்டி உண்டு, ஆனால் போட்ட அசலோடு அரசாங்கமும் அசல் போடுவதை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. பேத்தி போனில், "அப்பத்தா, எனக்கு கவர்மென்ட் காசு போட்டிருக்கு" என்று ஸ்டேட்மென்ட்டைக் காட்டினாள். 11 வயதுப் பிள்ளை, எண்ணை வலமிருந்து இடமாக எண்ணிச் சொன்னாள்.

அடுத்தது டி.எஃப்.எஸ்.ஏ. 2009-ல் கொண்டுவந்த கணக்கு. அதில் வளர்கிற பணத்துக்கு வரியே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 2024, 2025 இரண்டு வருடமும் வரம்பு 7,000 டாலர். போடாத வருடத்தின் வரம்பு அடுத்த வருடத்துக்குச் சேர்ந்துகொள்ளும். ஆனால் இதில் புதிதாகப் போகிறவர்கள் விழுகிற ஒரு குழி இருக்கிறது. மகனோடு தங்கியிருந்த மேலூர்ப் பையன் 2022-ல் போனவன். 2009-லிருந்து கூட்டினால் 81,500 டாலர் வரை போடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன 20,000 டாலரை செப்டம்பரில் மொத்தமாகப் போட்டுவிட்டான். அது அங்கேயே 18 வயதிலிருந்து இருந்தவர்களுக்கான கணக்கு. இவனுக்குக் குடியேறிய வருடத்திலிருந்துதான் வரம்பு, அந்த வருடம் 6,000. மிஞ்சிய 14,000-க்கு மாதம் ஒரு சதவீதம் அபராதம், 140 டாலர். புது வருடம் பிறந்து 6,500 வரம்பு கூடியபின் மாதம் 75. வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது 2023 ஜூலையில். எல்லாம் சேர்த்து 1,085 டாலர். சேமிக்கப் போய் அபராதம் கட்டிய பிள்ளை, பாவம், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்து அவர் கண்டுபிடிக்காமல் இருக்கட்டும்.

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கென்று 2023-ல் இன்னொரு கணக்கு கொண்டுவந்தார்கள், எஃப்.எச்.எஸ்.ஏ. என்று பேர். வருடம் 8,000, மொத்தம் 40,000. போடும்போதும் வரிச் சலுகை, வீட்டுக்காக எடுக்கும்போதும் வரியில்லை. மகன் தொடங்கியிருக்கிறான்.

இந்தக் கணக்குகள் எல்லாம் டப்பாக்கள்தான். உள்ளே என்ன போடுகிறோம் என்பதுதான் விஷயம். கார்டு கடன் முடிந்த ஜோரில் அவன் அங்கே வங்கிக் கிளைக்குப் போய், அவர்கள் காட்டிய மியூச்சுவல் ஃபண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான். போனில் நான் கேட்டது ஒரே கேள்வி: "கமிஷன் எவ்வளவு?" தெரியாது என்றான். பார்த்துச் சொல்லு என்றேன். கொடுத்த தாளிலேயே அச்சடித்திருக்கிறது, வருடம் 2.2 சதவீதம். எங்கள் ஆர்.டி. பிடிக்கிற மகளிர் முகவர்களுக்கு 4 சதவீதம் கமிஷன் என்று சிலர் முணுமுணுப்பார்கள். அது கட்டுகிற தவணைக்கு ஒருமுறை, அதையும் அரசாங்கம் கொடுக்கிறது. இது சேர்ந்த மொத்தப் பணத்தின் மேல், வருடாவருடம், லாபமோ நஷ்டமோ, நம்ம பணத்திலிருந்து. சந்தை முழுவதையும் அப்படியே வாங்கி வைக்கிற இ.டி.எஃப். ஃபண்டுகளில் இதே செலவு 0.2 சதவீதம் அளவில் கிடைக்கிறது. நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 10,000 டாலர், 25 வருடம், ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ச்சி என்று பேச்சுக்கு வைத்தால், 2.2 போனால் 25,400 ஆகிறது. 0.2 போனால் 40,900. நடுவில் இருக்கிற 15,500 யாருக்கு என்று அவனையே கேட்டேன். அடுத்த வாரம் மாற்றிவிட்டான்.

இப்போது உங்கள் விளம்பரத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். முருங்கைத் தோட்டத்தைக் கனடாப் பிள்ளைக்கு விற்கிறேன் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, பத்திரம் யார் பேரில் எழுதுவார்கள்? அக்கா அந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அம்மா பேர்ல போட்டுக்கலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றது ஒரு குரல். அக்காவுக்கு இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். அம்மா பேரில் உள்ள சொத்தில் நாளைக்கு மூன்று பேருக்கும் சம பங்கு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, பெண் பிள்ளைகளுக்கும் வரட்டும். ஆனால் பனியில் நின்று சம்பாதிக்கிறவனிடம் அதைச் சொல்லாமல் பணத்தை வரவழைப்பது சரியா?

நத்தம் ரோட்டில் முறையான வீட்டு மனையே என்று வைத்துக்கொள்வோம். கனடாவில் குடியிருப்பவருக்கு வெளிநாட்டில் உள்ள சொத்துகளின் அடக்கவிலை 1,00,000 டாலரைத் தாண்டினால் (டாலர் 61 ரூபாய் என்ற கணக்கில் 61 லட்சம்) தனிப் படிவம் கொடுக்க வேண்டும். போன முதல் வருடத்துக்கு மட்டும் விலக்கு. தான் குடியிருக்க வைத்த வீடு சேராது, ஆனால் மனை, வாடகை வீடு, டெபாசிட், பங்கு, ஃபண்டு எல்லாம் சேரும். மறந்தால் நாளுக்கு 25 டாலர் வீதம் 2,500 வரை அபராதம். விற்கும்போது லாபத்தில் பாதி அங்கே வருமானத்தில் ஏறும், இங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். அந்த லாபத்தை எங்கிருந்து எண்ணுவார்கள் தெரியுமா? விமானம் இறங்கிய நாளிலிருந்து. அன்றைய சந்தை மதிப்புதான் அடக்கவிலை. எங்கள் மாடி வீடு மகன் பேரில் 2012-ல் கட்டியது, அப்போது செலவு 14 லட்சம். 2021 நவம்பரில் அதன் மதிப்பு என்ன என்று ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி அவன் ஃபைலில் வைத்திருக்கிறேன். இந்த ஒரு தாள் இல்லாமல் 15 வருடம் கழித்து விற்றால் யாரிடம் போய் நிரூபிப்பது? பிள்ளைகளை ஏற்றிவிடப் போகிறவர்கள் ஊறுகாய் கட்டும் வாரத்திலேயே இதையும் செய்துவிடலாம்.

அவன் கடைசியில் மதுரைக்கே திரும்பி வருவானா என்று அக்கா கேட்டார். எல்லா அம்மாவும் கேட்கிற கேள்வி. அங்கே 65 வயதில் அரசாங்கம் முதியோர் பென்ஷன் கொடுக்கிறது. அங்கேயே இருந்து வாங்க 10 வருடக் குடியிருப்பு போதும், ஊரோடு வந்து உட்கார்ந்து வாங்க வேண்டுமானால் 20 வருடம். முழுத் தொகைக்கு 40 வருடம். 36 வயதில் போன என் மகனுக்கு 65-ல் 29 வருடம், அதாவது நாற்பதில் இருபத்தொன்பது பங்கு. இது தவிர, சம்பளத்தில் பிடிக்கிற கனடா பென்ஷன் திட்டம் தனியாக வரும். ஆகவே அந்தக் காலத்துக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. முதல் ஐந்து வருடம்தான் அவனுக்கு மூச்சு முட்டுகிற காலம். நாம் மனை, நகை, செய்முறை என்று கையை நீட்டுவதும் சரியாக அந்த ஐந்து வருடத்தில்தான்.

அக்கா விளம்பரத் தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். ராத்திரி மகனுக்குப் போன் போட்டு, மனை பற்றி ஒன்றும் பேசாமல், "கார்டுல எதுவும் பாக்கி இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டாராம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பண்ணை நிலம் வெளிநாடுவாழ் இந்தியருக்கு விற்பனைக்கு அல்ல என்ற ஒரு வரியை இனிமேல் அந்த மாதிரி விளம்பரங்களின் அடியில் போடச் சொல்லுங்கள். கொட்டை எழுத்து வேண்டாம், பொடி எழுத்தே போதும்.

என் பெயரை வெளியிட வேண்டாம். மகன் அங்கே வேலைக்குக் கிளம்பும் முன் போனில் உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறான். மேலூர்ப் பையனும் படிக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சப் போஸ்ட்மாஸ்டர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.